கனைக்காத ஐந்து பேர்

எழுத்தர்: மெதுவா அக்கா, மெதுவா. எனக்குக் கை ஒண்ணுதான்.

கதைக்காரி: எனக்கும் வாய் ஒண்ணுதான் தம்பி. அதுவும் ஊசி கூடவே ஓடுற வாய். நான் நிறுத்தினா ஊசி நிக்கும். ஊசி நின்னா சாயங்காலம் கப்பல்காரர் வந்து குதிப்பார்.

நாத்தனார்: குதிக்கட்டும் அண்ணி. பாய் இல்லாத கப்பலை வச்சுக்கிட்டு அவர் கரையிலதானே குதிக்க முடியும்.

எழுத்தர்: சரி, விட்ட இடத்துலேருந்து. போதகர் குயவர் வீட்டுல மூணு நாள் இருந்தார். நாலாம் நாள் காலையில நல்லா தூங்கி எழுந்து...

நாத்தனார்: ம்க்கும்.

எழுத்தர்: என்ன ஆச்சு?

நாத்தனார்: கனைச்சேன்.

எழுத்தர்: தண்ணி வேணுமா?

கதைக்காரி: தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். "நல்லா தூங்கி"னு நான் எப்ப சொன்னேன்? சொல்லாததைச் சேர்த்தாலும் சொன்னதை விட்டாலும் இங்க கனைப்பாங்க. அஞ்சு நாளா உக்காந்திருக்க, இது தெரியாதா?

எழுத்தர்: முந்தாநாள் கூட்டத்துல எல்லாரும் ஒரே நேரத்துல கனைச்சாங்க. நான் ஊர் முழுக்கச் சளினு நெனச்சேன்.

நாத்தனார்: அய்யோ, எழுத்தரே!

கதைக்காரி: கண் தெரியாதவன் கம்பைப் போட்டுட்டு ஓடி வந்தான்னு சொல்லணும். நான் கம்பை விட்டுட்டேன். விடுவாங்களா? அறை முழுக்கக் கனைச்சது. கம்பை எடுத்து அவன் கையில கொடுத்து, திரும்பக் கீழ போட வச்சதுக்கு அப்புறம்தான் என்னை மேல போகவே விட்டாங்க.

நாத்தனார்: இதுல கொல்லர் தாத்தா ஒருத்தர் இருக்கார். அவருக்கு நிஜ இருமல். எது இருமல், எது கனைப்புனு தெரியாது. ஒரு தடவ அவர் பாட்டுக்கு இருமிட்டார், அண்ணி பயந்துபோய் கதையை முதல்லேருந்து ஆரம்பிச்சிட்டாங்க. அவரும் பாவம், ரெண்டாவது தடவையும் அதே இடத்துல இருமினார்.

கதைக்காரி: சிரிக்காத. ஊசி கையில குத்தப் போகுது.

எழுத்தர்: எல்லா ஊர்லயும் இப்படிக் கனைச்சாங்கன்னா என் வேலை பாதி முடிஞ்சிடும் அக்கா. கிழக்குக் கரைப் பக்கம் ஒரு துறைமுகத்துல இதே கதையில கண் தெரியாதவங்க ரெண்டு பேர்.

கதைக்காரி: ரெண்டா? இன்னொருத்தன் எங்கேருந்து வந்தான்?

நாத்தனார்: கம்பை எடுக்க வந்திருப்பான்.

எழுத்தர்: அங்க கேட்டா, "ரெண்டு பேர்தான், எங்கப்பா பார்த்தார்"னு அடிச்சுச் சொல்றாங்க. இங்க ஒருத்தர்தான்னு அடிச்சுச் சொல்றீங்க. நடுவுல நான் அடிவாங்குறேன்.

கதைக்காரி: அப்ப எதை எழுதுவ?

எழுத்தர்: ரெண்டு வாய் ஒரே மாதிரி சொன்னா தயங்காம எழுதுவேன். ஒரு வாய் மட்டும் சொன்னா, எழுதிட்டு ஓரத்துல ஒரு புள்ளி வைப்பேன். அடுத்த ஊர்ல விசாரிப்பேன்.

நாத்தனார்: எங்க அண்ணி சொன்னதுல எத்தன புள்ளி?

எழுத்தர்: ரொம்ப இல்ல.

நாத்தனார்: ரொம்ப இல்லன்னா?

எழுத்தர்: ...வேலையைப் பாருங்க சின்னக்கா. நூல் சிக்குது.

கதைக்காரி: இது வரைக்கும் எழுதினதைப் படி தம்பி. கேட்போம்.

எழுத்தர்: "குயவர் வீட்டை விட்டுப் போதகர் புறப்பட்டபோது வீட்டார் எல்லாரும் தெருமுனை வரை உடன் வந்தார்கள். குயவரின் மனைவி மட்டும் கையில் சேற்றுடன் வாசலிலேயே நின்றாள். தெருமுனையில் அவர் திரும்பினார்."

கதைக்காரி: ம்.

எழுத்தர்: என்ன, தப்பா?

கதைக்காரி: தப்பில்ல. எல்லாம் இருக்கு. ஆனா... "வாசலிலேயே நின்றாள்"னு சொல்லிட்டு நான் நிறுத்துவேன்ல? அது எங்க?

எழுத்தர்: நிறுத்தினதை எப்படி எழுதறது?

கதைக்காரி: எனக்கென்ன தெரியும், நீதானே எழுத்தர். அந்த இடத்துல நான் நூலைப் பல்லால கடிப்பேன். அவ்வளவு நேரம் நிக்கணும். அப்பதான் அவ நிக்கிறது தெரியும். நீ படிக்கிறதுல அவ நிக்கவே இல்ல, எழுத்தோட எழுத்தா ஓடிட்டா.

எழுத்தர்: கூட்டத்துல நூல் இருக்காதே?

நாத்தனார்: வெறும் பல்லைக் கடிப்பாங்க. பின்வரிசை வரைக்கும் கேட்கும்.

எழுத்தர்: படிக்கிறவங்க நிறுத்திப் படிப்பாங்கனு நம்ப வேண்டியதுதான்.

கதைக்காரி: நம்பு. இவ்வளவு அவசரமா எதுக்குத்தான் எழுதறீங்க எல்லாரும்? நாங்க சொல்லிக்கிட்டுதானே இருக்கோம்.

எழுத்தர்: போதகரைச் சிலுவையில அறைஞ்சு முப்பது வருஷம் தாண்டிடுச்சு அக்கா. அவரைக் கண்ணால பார்த்தவங்க ஒவ்வொருத்தரா போறாங்க. போன மாசம் ஒருத்தர்கிட்ட எழுதினேன். கழுதை ஓட்டுறவர். பல்லே இல்ல, பேசினா பாதி காத்துதான் வரும். இதே குயவர் கதையைச் சொன்னார்.

கதைக்காரி: யாரு, அவருக்கு யார் சொன்னதாம்?

எழுத்தர்: யாரும் சொல்லல. அவர் அங்க இருந்திருக்கார். அன்னைக்கு அந்த முனையில கழுதைக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நின்னவர் அவர்தான்.

கதைக்காரி: ...அப்படியா.

எழுத்தர்: நான் கிளம்பிப் பத்து நாள்ல போயிட்டார்னு சேதி வந்துச்சு. அவர் வாய்லேருந்து நான் எழுதினது மூணே கதை. இன்னும் எத்தன இருந்துச்சோ.

நாத்தனார்: அதுல நீங்க வாங்கினது போக மிச்சமெல்லாம் கழுதைக்குத்தான் தெரியும்.

கதைக்காரி: ஏய், செத்தவரைப் பத்தி...

நாத்தனார்: நான் கழுதையைத்தான் சொன்னேன்.

எழுத்தர்: அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன். வெளிச்சம் இங்கதானே வருது. நீங்க இருட்டுல தைக்கிறீங்க.

நாத்தனார்: அதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேஞ்சுபோச்சு. வெளிச்சம் கிழக்க வருது, இவங்க மேற்கப் பார்த்து உக்காருவாங்க. தையல் கோணினா என்னைத் திட்டுவாங்க.

கதைக்காரி: எனக்கு இங்கதான் வசதி.

எழுத்தர்: அங்கேருந்து என்ன தெரியுது? தெரு முனையா?

கதைக்காரி: தெரு முனைதான். வேற என்ன தெரியணும்? நீ எழுது. "தெருமுனையில் அவர் திரும்பினார். திரும்பி, வீட்டாரைப் பார்த்து, எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைங்க, ஆறிப்போனாலும் பரவாயில்ல, அப்படினு சொன்னார். சொல்லிட்டுப் போனார்." எழுதிட்டியா?

எழுத்தர்: எழுதிட்டேன்.

கதைக்காரி: இந்தப் பக்கம் இருக்கிற கூட்டங்கள்ல எல்லாம், எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது ஒரு பங்கு எடுத்துத் தனியா வைப்பாங்க. இதனாலதான். யார் பசியோட படியேறி வந்தாலும் அது அவங்களுக்கு. அதையும் எழுதிக்கோ.

எழுத்தர்: ம்.

கதைக்காரி: என்ன, ஓரத்துல என்னமோ பண்ற?

எழுத்தர்: ஒண்ணுமில்ல.

நாத்தனார்: புள்ளி வைக்கிறார் அண்ணி! நான் பார்த்தேன்!

கதைக்காரி: புள்ளியா? இதுக்கா?

எழுத்தர்: அக்கா, கோவப்படாதீங்க. அந்தக் கழுதைக்காரர் சொன்னதுல இந்த வார்த்தை இல்ல.

கதைக்காரி: பல்லில்லாத மனுஷன். காத்தோட போயிருக்கும்.

எழுத்தர்: நான் மூணு தடவ கேட்டேன். "திரும்பினாரே, என்ன சொன்னார்?"னு. "ஒண்ணும் சொல்லல. திரும்பிப் பார்த்தார். போயிட்டார்"னார். மூணு தடவையும் அதேதான்.

கதைக்காரி: மறந்திருப்பார்.

எழுத்தர்: அன்னைக்குக் கழுதை எத்தன மடக்குத் தண்ணி குடிச்சதுன்னு கூடச் சொன்னார் அக்கா.

கதைக்காரி: அப்ப என் வீட்டுக்காரர் பொய் சொன்னார்னு சொல்றியா? ஒரு கோடைக்காலம் முழுக்கப் போதகர் கூட நடந்தவர். அந்தக் குயவர் வாய்லேருந்தே கேட்டு வந்தவர். அவர்கிட்டேருந்து நான் வாங்கினது ஒவ்வொண்ணும். ஒரு வார்த்தை மாறினா கனைக்கணும்கிற வழக்கத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்ததே அவர்தான். தெரியுமா?

எழுத்தர்: நான் பொய்னு சொல்லவே இல்லையே.

கதைக்காரி: பின்ன?

எழுத்தர்: அவர் உங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னப்ப இந்த வார்த்தை இருந்துச்சானு மட்டும்தான்...

நாத்தனார்: அண்ணி, நூல்ல மெழுகு பத்தல. இழுபடுது.

கதைக்காரி: மெழுகு தீர்ந்திருக்கும். நீ போய் வாங்கிட்டு வா.

நாத்தனார்: இப்பவா?

கதைக்காரி: இப்பதான்.

நாத்தனார்: வெயில் கொளுத்துது.

கதைக்காரி: நீ என்ன மெழுகா உருகறதுக்கு? போடி.

நாத்தனார்: போறேன், போறேன். எழுத்தரே, நான் வர்றதுக்குள்ள சுவாரசியமா எதுவும் எழுதிடாதீங்க.

கதைக்காரி: ...போயிட்டாளா?

எழுத்தர்: படி இறங்குற சத்தம் கேட்டுச்சு.

கதைக்காரி: அவ என் வீட்டுக்காரரோட தங்கச்சி. அவளுக்கு முன்னாடி இதைச் சொல்ல முடியாது.

எழுத்தர்: நான் எழுதுகோலைக் கீழ வச்சிட்டேன் அக்கா.

கதைக்காரி: பதினோரு வருஷம் ஆச்சு தம்பி. வெளியூர்க் கூட்டங்களுக்குப் போய்ச் சொல்லிட்டு வரேன், அறுவடைக்குள்ள திரும்பிடுவேன்னு கிளம்பினார். நான் இந்தப் படியில நின்னேன். கையில பாதி தைச்ச பாய். கீழ போட்டா அழுக்காகும்னு கையிலேயே வச்சுக்கிட்டு நின்னேன். என்ன முட்டாள்தனம் பாரு. அந்த முனை வரைக்கும் போனார். திரும்பினார்.

எழுத்தர்: திரும்பி?

கதைக்காரி: "எனக்கும் ஒரு பங்கு எடுத்து வை. ஆறிப்போனாலும் பரவாயில்ல." அவ்வளவுதான். தெருவே கேட்கிற மாதிரி கத்திச் சொன்னார்.

எழுத்தர்: அப்புறம்?

கதைக்காரி: அப்புறம் என்ன? ஒருத்தர் கப்பல் மூழ்கிடுச்சுனார். இன்னொருத்தர், அவர் அந்தக் கப்பல்ல ஏறவே இல்லனார். வேற ஊர்ச் சிறையில பார்த்தேன்னு ஒருத்தர். அது அவர் இல்ல, அவர் சாயல்னு இன்னொருத்தர். யார்கிட்ட கனைக்கிறது சொல்லு.

எழுத்தர்: கூட்டத்துல கதை சொல்ற வேலை உங்களுக்கு வந்தது அப்பதானா?

கதைக்காரி: வேற யாருக்கும் முழுசாத் தெரியாதே. ராத்திரியெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் மனப்பாடம். அவர் குரல் ஏறுற இடத்துல நானும் ஏத்துவேன், அவர் இறக்கின இடத்துல இறக்குவேன். அவர் போன ரெண்டாவது குளிர்காலம். ஊர்ல காய்ச்சல். கூட்டத்துக்கு அஞ்சே பேர் வந்திருந்தாங்க. கொல்லர் தாத்தா, எண்ணெய்க்காரம்மா, துடுப்புப் போடுற அண்ணன் தம்பி ரெண்டு பேர், என் நாத்தனார். அன்னைக்குக் குயவர் கதை. "தெருமுனையில் அவர் திரும்பினார்" வரைக்கும் வந்துட்டேன். அடுத்து "போயிட்டார்"னு சொல்லணும். வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்வார். நீ சொன்னியே, கழுதைக்காரர் சொன்ன மாதிரியே.

எழுத்தர்: சொல்ல முடியல.

கதைக்காரி: வாய் வரல. திரும்பின மனுஷனை எப்படி தம்பி சும்மா அனுப்புறது? என் வாய் அதுவா சொல்லிடுச்சு. எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைங்கனு. சொன்ன அடுத்த நிமிஷம் வேர்த்துப்போச்சு. இப்ப கனைப்பாங்க, இப்ப கனைப்பாங்கனு காத்திருக்கேன்... ஒருத்தர்கூடக் கனைக்கல.

எழுத்தர்: காய்ச்சல் நேரம். கவனிக்காம விட்டிருப்பாங்க.

கதைக்காரி: நானும் அப்படித்தான் நெனச்சேன். அடுத்த வாரம் எண்ணெய்க்காரம்மா ஒரு பங்கு எடுத்துத் தனியா வச்சாங்க. அதுக்கடுத்த வாரம் ரெண்டு வீட்டுல வச்சாங்க. நாலு மாசத்துல மாலுமிங்க வழியா அடுத்த ஊருக்குப் போயிடுச்சு. எனக்குத் தூக்கம் போச்சு. ஆண்டவர் வாயில என் வீட்டுப் பேச்சைப் போட்டுட்டேனேனு. ஒரு நாள் தைரியம் வந்துச்சு. போதும், விட்டுடலாம்னு அந்த வார்த்தையைத் தாண்டிப் போனேன். என்ன நடந்துச்சு தெரியுமா?

எழுத்தர்: கனைச்சாங்களா?

கதைக்காரி: அறுபது பேர்! கூரை அதிர்ந்துச்சு. கொல்லர் தாத்தா எழுந்தே நின்னுட்டார்.

எழுத்தர்: சிரிக்கலாமா கூடாதானு தெரியல அக்கா.

கதைக்காரி: சிரி. நானும் வீட்டுக்கு வந்து சிரிச்சேன். அப்புறம் விடியிற வரைக்கும் அழுதேன். ஆனா ஒண்ணு சொல்லவா? வாரத்துக்கு ஒரு தடவ அந்த வார்த்தையைச் சொல்லும்போது... குரல் அவருதா வரும். என் தொண்டையிலதான் வரும், ஆனா அவருது. மத்த நேரத்துல எவ்வளவு முயற்சி பண்ணாலும் அவர் குரல் ஞாபகம் வர மாட்டேங்குது. முகம் வருது. கை வருது. குரல் வரல. அந்த ஒரு இடத்துல மட்டும் வருது. அதுக்காகத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். போதகருக்காக இல்ல. எனக்காக. இதுதான் நிஜம். இப்ப புள்ளி வை, என்ன வேணா வை.

நாத்தனார்: அண்ணி.

கதைக்காரி: அய்யோ! நீ எப்ப வந்த?

நாத்தனார்: போகவே இல்ல. நாலு படி இறங்கி நின்னுட்டேன். மெழுகு ரெண்டு உருண்டை என் மடியிலேயே இருக்கு.

கதைக்காரி: கேட்டுட்டியா எல்லாம்?

நாத்தனார்: இதுல கேட்க என்ன இருக்கு? எனக்குத் தெரியும்.

கதைக்காரி: என்ன தெரியும்?

நாத்தனார்: அது எங்கண்ணன் பேச்சு. பத்து வயசுலேருந்து அதையேதான் சொல்வான். விளையாடப் போனாலும் சொல்வான், வேலைக்குப் போனாலும் சொல்வான். ஒரு நாளாவது நேரத்துக்கு வந்து சாப்பிட்டிருக்கானா? எங்கம்மா தட்டை மூடி வச்சே கை சலிச்சா.

கதைக்காரி: அப்ப அன்னைக்கு... நீ ஏன் கனைக்கல?

நாத்தனார்: கனைக்கத் தொண்டை வேணுமே அண்ணி. அடைச்சுப்போய் உக்காந்திருந்தேன். நான் மட்டும் இல்ல. துடுப்புக்கார அண்ணன் தம்பி கூடப் படகுல ஆறு வருஷம் போனவன் அவன். தினம் கேட்டிருப்பாங்க. கொல்லர் பட்டறைக்கு எதிர்ல அவன் வளர்ந்தான். எண்ணெய்க்காரம்மா பக்கத்து வீடு. அஞ்சு பேருக்கும் தெரியும். அஞ்சு பேரும் தரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம்.

கதைக்காரி: ஒன்பது வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

நாத்தனார்: சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க. நிறுத்திட்டா எனக்கும்தான் கேட்காது. எனக்கு மட்டும் அவன் குரல் ஞாபகம் இருக்கா என்ன?

கதைக்காரி: ...இங்க வா. உக்காரு. மூக்கைத் துடை. பாய் மேல துடைக்காத.

நாத்தனார்: எழுத்தரே, அது அப்படியே இருக்கட்டும். புள்ளியை எடுத்துடுங்க. அதனால எத்தன பேர் சாப்பிடுறாங்க தெரியுமா? போன வாரம் ஒரு குடும்பமே வந்து சாப்பிட்டுப் போச்சு. அதுல என்ன பொய் இருக்கு?

எழுத்தர்: அக்காதான் சொல்லணும். அவங்க சொன்ன கதை.

கதைக்காரி: அந்தக் கழுதைக்காரர் சொன்னதை மறுபடி சொல்லு தம்பி.

எழுத்தர்: "ஒண்ணும் சொல்லல. திரும்பிப் பார்த்தார். போயிட்டார்."

கதைக்காரி: அடிச்சிடு.

நாத்தனார்: அண்ணி!

கதைக்காரி: சும்மா இரு. யோசிச்சுதான் சொல்றேன். எனக்காவது முனையில நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனார். அந்தக் குயவர் பெண்டாட்டிக்கு அதுவும் இல்ல. கையில சேத்தோட நின்னா. அவர் பார்த்தார். போனார். அவளுக்குக் கிடைச்சது அந்தப் பார்வை மட்டும்தான். அது மேல நான் என் போர்வையைப் போட்டு மூடிட்டேன். ஒரு வார்த்தைகூடக் கிடைக்காம வாசல்ல நிக்கிறவங்க எவ்வளவு பேர் இருப்பாங்க? அவங்க இந்தக் கதையைக் கேட்டா, "நம்மள மாதிரி ஒருத்தி"னு நெனைக்கணும். அதை அவங்ககிட்டேருந்து நான் பிடுங்கக் கூடாது.

நாத்தனார்: அப்ப பங்கு?

கதைக்காரி: பங்கு வைக்கிறதுக்கு எழுத்து எதுக்குடி? இத்தன நாள் எழுதியா வச்சோம்? பசிச்சு வர்றவனுக்கு வைப்போம். இது போதகர் சொன்னதில்ல, உங்கண்ணன் சொன்னதுனு இந்த வாரம் நானே கூட்டத்துல சொல்றேன். கனைச்சா கனைக்கட்டும்.

எழுத்தர்: நிச்சயமா அக்கா? இந்தத் தோல் சுருளைப் பார்த்து ஏழு ஊருக்குப் பிரதி எழுதப்போறாங்க. இப்ப எடுத்தா எடுத்ததுதான்.

கதைக்காரி: நான் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கேன். நீ பண்ணு. ...என்ன சத்தம்?

எழுத்தர்: கத்தியால சுரண்டுறேன்.

கதைக்காரி: தோல் கிழிஞ்சிடாம பார்த்து.

நாத்தனார்: எனக்குப் பார்க்க முடியல.

கதைக்காரி: முடிஞ்சுதா?

எழுத்தர்: முடிஞ்சுது. "தெருமுனையில் அவர் திரும்பினார். அவர்களைப் பார்த்தார். பிறகு போனார்." அவ்வளவுதான் இருக்கு.

கதைக்காரி: ...நல்லாத்தான் இருக்கு. போனார்ங்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தணும்.

எழுத்தர்: அக்கா, இப்ப நான் ஒண்ணு கேட்கணும். சுரண்டி முடிக்கட்டும்னுதான் காத்திருந்தேன். முன்னாடியே கேட்டிருந்தா நீங்க சுரண்ட விட்டிருக்க மாட்டீங்க.

கதைக்காரி: என்னது?

எழுத்தர்: அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் முனையில நின்னு சொன்னது அவ்வளவுதானா? அதுக்கு மேல ஒண்ணும் இல்லையா?

கதைக்காரி: எதுக்குக் கேட்கிற?

நாத்தனார்: இருக்கா அண்ணி?

கதைக்காரி: இருந்துச்சு ஒண்ணு. என் சமையலைப் பத்திக் கிண்டல். புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதெல்லாம் கூட்டத்துல சொல்ல முடியுமா? இவகிட்ட கூடச் சொன்னதில்ல.

எழுத்தர்: யார்கிட்டயும்?

கதைக்காரி: யார்கிட்டயும்.

எழுத்தர்: இங்கேருந்து இருபது நாள் நடையில மலைமேல ஒரு ஊர். கல் உடைக்கிறவங்க. எட்டு மாசம் முன்னாடி அங்க போயிருந்தேன். அவங்களும் ஒரு பங்கு எடுத்து வைக்கிறாங்க. இதே கதை. இதே முனை. அங்கயும் போதகர் திரும்பிப் பேசுறார்.

கதைக்காரி: மாலுமிங்க யாராவது கொண்டுபோயிருப்பாங்க. நான்தான் சொன்னேனே.

எழுத்தர்: மாலுமி எதுக்கு மலை ஏறுறான்? பத்து வருஷம் முன்னாடி கடற்கரைப் பக்கத்துலேருந்து ஒருத்தர் வந்தாராம். கதை சொல்றவர். ஒரு குளிர்காலம் தங்கினார். சொல்லாததைச் சேர்த்தா கனைக்கணும்னு அவங்களுக்குப் பழக்கி விட்டதே அவர்தான். ஒரு நாள் இந்தக் கதையைச் சொல்லிக்கிட்டிருந்தப்ப, முனைகிட்ட வந்ததும் ரொம்ப நேரம் நிறுத்தினாராம். அப்புறம் இதைச் சொன்னாராம். பனி உருகினதும் கிழக்க போற வணிகர்களோட கிளம்பிட்டார். அதுக்கு மேல யாருக்கும் தெரியல.

நாத்தனார்: கப்பல் மூழ்கல... அண்ணி, கப்பல் மூழ்கவே இல்ல...

கதைக்காரி: இரு. கடற்கரைனா ஆயிரம் பேர். தம்பி, என்ன சொன்னாராம்? அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாத.

எழுத்தர்: "எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைங்க. ஆறிப்போனாலும் பரவாயில்ல. உப்பை நான் வந்து போட்டுக்கிறேன்."

கதைக்காரி: உப்பை...

எழுத்தர்: அந்த உப்புக்கு அர்த்தம் தெரியாம அங்க பெரிய சண்டை அக்கா. உப்புனா கண்ணீர்ங்கிறாங்க ஒரு பக்கம். உப்புனா ஞானம்ங்கிறாங்க இன்னொரு பக்கம். ரெண்டு தரப்பும் பேசிக்கிறதே இல்ல. ஆனா எடுத்து வைக்கிற பங்குல மட்டும் ரெண்டு பேருமே உப்பு போட மாட்டாங்க.

நாத்தனார்: அண்ணி, அழாதீங்க... இல்ல, சிரிக்கிறீங்களா? என்ன பண்றீங்க? எழுத்தரே, தண்ணி எடுங்க.

கதைக்காரி: அவரும்... அவரும் அங்க நின்னு... வாய் வராம... அடப்பாவி மனுஷா. ஊருக்கெல்லாம் கனைக்கச் சொல்லிக் கொடுத்துட்டு...

நாத்தனார்: ஒரு வாய் குடிங்க.

கதைக்காரி: தம்பி. இத்தன ஊர் இருக்கு, இத்தன பொம்பளைங்க இருக்காங்க. அது என் வீட்டு உப்புதான்னு நீ எப்படிக் கண்டுபிடிச்ச?

எழுத்தர்: அஞ்சு நாளா உங்க கையாலதானே அக்கா சாப்பிடுறேன்.